சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

நெல்லிக்குப்பத்தைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் கரும்பு ஏற்றிவந்த டிராக்டர் ஒன்று டிரெய்லரோடு சாலையின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. ஆளுக்கு ஏதும் ஆகவில்லை. ஆனால் கரும்புக் கட்டுகள் அவிழ்ந்து தார் ரோடு முழுக்கப் பரவிவிட்டதால் கிரேன் வரும்வரை வழியில்லை. பயணிகள் இறங்கி ஆளுக்கொரு கரும்பை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தார்கள். டிராக்டர்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவர், "ஃபேக்டரிக்குப் போனா வெயிட்டு போடுவான், தின்னுபுட்டா இன்னா போடுவான்" என்று சொல்லிவிட்டுத் தானும் ஒன்றை முறித்துக்கொண்டார்.

சித்திரை வெயில். என் பாட்டிலில் தண்ணீர் தீர்ந்திருந்தது. பக்கத்து சீட்டு அம்மா தன் பாட்டிலை நீட்டினார். நான் வாங்குவதற்கு ஒரு கணம் தயங்கியதைக் கவனித்துவிட்டு, "நல்ல தண்ணிதாம்மா, எங்க வூட்டு போர் தண்ணி" என்றார். வாங்கிக் குடித்தேன். லேசாக உப்புக் கரித்தது.

தயங்கியதற்குக் காரணம் என் தொழில். மஸ்கட்டில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றில், பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆறு இல்லாத ஊர் அது. கடலையே குடிக்கிறோம். குழாயில் போகும் ஒவ்வொரு சொட்டும் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் போகும். சொந்த ஊர் நாகர்கோவில். அங்கே குளமும் கால்வாயுமாகத் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கும். நெய்வேலிப் பக்கம் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, மண்ணுக்கடியில் இருக்கிறது. அதில் என்ன கலந்திருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. இந்த முறை விடுமுறையில் வந்தபோது, கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மல்லிகாவைப் பார்க்கப் புறப்பட்டேன். அவள் நெய்வேலி டவுன்ஷிப்பில் பள்ளி ஆசிரியை. கணவர் ராமலிங்கம் நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் ஊழியர். பலாப்பழம் தின்று, பழங்கதை பேசிவிட்டுத் திரும்புவதுதான் திட்டம்.

டவுன்ஷிப் அழகாகத்தான் இருந்தது. அகலமான ரோடு, இருபுறமும் மரம், நம்பர் போட்ட பிளாக்குகள், ஷிப்டு முடிந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் கம்பெனி பஸ்கள். மல்லிகாவின் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்து வீட்டில் மதுரைக்காரர்கள், எதிர்வீட்டில் கேரளக்காரர்கள். பச்சை முந்திரிக்கொட்டையைப் பிளந்து போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அதைப் போல ஒன்றை நான் மஸ்கட்டில் எவ்வளவு விலை கொடுத்தாலும் வாங்க முடியாது. சாப்பிட்டுக் கை கழுவும்போது பழக்கதோஷத்தில் பையிலிருந்து சோதனைப் பட்டையை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் நனைத்தேன். மற்றவர்கள் பையில் தலைவலித் தைலம் வைத்திருப்பதுபோல நான் இதை வைத்திருப்பேன். விரல் நீளக் காகிதப் பட்டை. தண்ணீரில் இருப்பதைப் பொறுத்து அதன் நுனி நிறம் மாறும்.

"லீவுல வந்தும் விடமாட்டியாடி" என்றாள் மல்லிகா.

பட்டை நிறம் மாறவில்லை. அது பார்க்கிற அளவில் நல்ல தண்ணீர். அதைச் சொன்னதும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ அவளே தோண்டி எடுத்த தண்ணீர் போல.

மறுநாள் ராமலிங்கத்தின் செக்‌ஷனில் கான்ட்ராக்ட்டில் வேலை செய்யும் குமார் மல்லிகாவையும் என்னையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். காடாம்புலியூரிலிருந்து உள்ளே போகவேண்டிய சின்ன ஊர். பெயரை எழுதப் போவதில்லை. அங்கே கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளைக்கு யாரும் 'அந்தத் தண்ணி ஊரா' என்று கேட்கக்கூடாது. முந்திரித் தோப்பு நடுவே ஆட்டோ பஞ்சராகி, கடைசித் தூரத்தை நடந்தோம். மண் செம்மண். செருப்புக்குள் புகுந்து காலைச் சுட்டது. ஆனால் தோப்பில் பழுத்த முந்திரிப்பழ வாசனை, அதைத் தாண்டியதும் பலா வாசனை. கோபப்பட எந்தக் காரணமும் இல்லாத காலை.

குமார் ஏற்கெனவே பழத்தை அறுத்து வைத்திருந்தார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்தார். அவர் மனைவி கோகிலா கைக்குழந்தையோடு வந்து நின்றாள். மூன்று மாதக் குழந்தை, பெண். நான் கைநீட்டி வாங்கினேன். குழந்தையின் உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. நகக்கண்ணும் அப்படியே. புது ஆள் தூக்கியும் அழவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு கிடந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"பொறந்தப்ப நல்லா செவப்பா இருந்துச்சுக்கா" என்றாள் கோகிலா. "ஒரு மாசமா இப்படிக் கருத்துகினே வருது. கிளினிக்குல காட்னோம். இதயத்துல ஓட்டை இருக்கலாம்னு பாண்டிச்சேரிக்குப் போயி எக்கோ எடுக்கச் சொன்னாங்க. எடுத்தோம். அதுல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. போகப் போக சரியாயிடும்னாங்க."

"பால் நீதான் குடுக்கிறியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலில் விழுந்து பால் வற்றிவிட்டதாம். பவுடர் பால்தான்.

"எந்தத் தண்ணியில கலக்கறே?"

"பைப்புத் தண்ணிதான். சும்மா இல்லக்கா. நர்சம்மா நல்லாக் காய்ச்சிக் குடுக்கச் சொன்னாங்க. நான் பாதியா சுண்டற வரைக்கும் காய்ச்சிதான் கலக்கறேன்."

அடுப்பில் அந்தப் பாத்திரம் அப்போதும் கொதித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு அக்கறை. தேய்த்துத் தேய்த்து மின்னும் எவர்சில்வர் பாத்திரம், மேலே மூட ஒரு தட்டு, வடிகட்ட வெள்ளைத் துணி. என் பையிலிருந்து வேறொரு பட்டையை எடுத்தேன். இது நைட்ரேட்டுக்கானது. அது ஒரு உப்பு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசியும் தெரியாது. கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கும். பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. பால்குடிக் குழந்தையின் வயிற்றில் அது வேறொன்றாக மாறி, ரத்தம் காற்றைச் சுமக்கும் வேலையையே நிறுத்திவிடும். குழந்தை மூச்சு விடும், ஆனால் மூச்சு உடம்புக்குப் போய்ச் சேராது.

குழாய்த் தண்ணீரில் நனைத்த பட்டை, டப்பாவில் அச்சிட்டிருந்த நிறங்களில் கடைசி நிறத்துக்கு ஏறியது. கோகிலா காய்ச்சி வைத்திருந்ததில் இன்னொரு பட்டையை நனைத்தேன். டப்பாவில் அந்த நிறமே இல்லை, அவ்வளவு அடர்த்தி.

காய்ச்சினால் கிருமி சாகும். உப்பு சாகாது. தண்ணீர் ஆவியாகும், உப்பு பாத்திரத்திலேயே நிற்கும். பாதியாகச் சுண்டினால் விஷம் இரண்டு மடங்கு. அந்தப் பெண் தன் குழந்தையைக் காப்பாற்ற எவ்வளவு அதிகம் பாடுபட்டாளோ, அவ்வளவு அதிகமாக அதற்கு விஷம் போயிருக்கிறது. இதை நான் அப்போது அவளிடம் சொல்லவில்லை. "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று மட்டும் சொன்னேன். பலாச்சுளை தட்டிலேயே கிடந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தவர் ரொம்பச் சின்னப் பெண். டாக்டருக்குப் படித்து முடித்து அதிக நாள் ஆகியிருக்காது. நான் தண்ணீர், நைட்ரேட் என்று ஆரம்பித்ததும் சிரிப்பார், அல்லது விரட்டுவார் என்று சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. பட்டையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். குழந்தையின் விரலில் ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் கருவியை மாட்டிவிட்டு ஆக்ஸிஜன் வைத்தார். எவ்வளவு வைத்தும் கருவியில் எண் ஏறவில்லை. பிறகு ஊசியில் ரத்தம் எடுத்து வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டார். ரத்தம் சிவப்பாக இல்லை. காய்ச்சிய வெல்லப்பாகின் நிறம். காற்றில் ஆட்டிப் பார்த்தார். அப்போதும் சிவக்கவில்லை.

"புத்தகத்துலதான் படிச்சிருக்கேன்" என்றார் மெதுவாக. உடனே போனை எடுத்துத் தன் சீனியரைக் கூப்பிட்டார்.

மருந்து அங்கே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வரவேண்டியிருந்தது. அதுவரை நாங்கள் நால்வரும் வராந்தாவில் நின்றோம். மருந்து வந்து நரம்பில் ஏறியது. அது ஒரு நீலச் சாயம். கறுத்த குழந்தையைச் சிவப்பாக்க நீல மருந்து. சாயங்காலத்துக்குள் உதட்டில் நிறம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. வார்டே திரும்பிப் பார்க்கிற அழுகை.

"இவ்ளோ சத்தமா அழுது நான் கேட்டதே இல்லக்கா" என்றாள் கோகிலா. "பசிக்குது போல." அவளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் முகம் சிரித்தது.

எனக்கு நிம்மதி கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு கோபம் வந்தது. மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளினிக், பாண்டிச்சேரி என்று அலைந்திருக்கிறார்கள். அத்தனை இடத்திலும் ஒருவர்கூட எந்தத் தண்ணீரில் பால் கலக்கிறாய் என்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த ஊருக்குத் திரும்பிப் போனேன். மல்லிகா லீவு போட்டுவிட்டு வந்தாள், ராமலிங்கமும் வந்தார். டேங்க் ஊர் நடுவில் இருந்தது. நீலப் பெயின்டில் பெரிய எழுத்து: 'பாதுகாக்கப்பட்ட குடிநீர்'. கீழே திறந்து வைத்தவர்கள் பெயர்கள். எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. அந்த டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் போருக்குப் பக்கத்தில், ஒரு கயிற்றுக்கட்டிலை நீளவாக்கில் போட்டால் தொட்டுவிடும் தூரத்தில், வரிசையாகக் கக்கூஸ் குழிகள். குழிக்கு அடியில் பூச்சு இல்லை. எல்லாம் அப்படியே மண்ணுக்குள் இறங்குகிறது. போர் போட்டபோது சுத்தம் செய்த இடம் சும்மா கிடந்ததே என்று கக்கூஸ் கட்டிய கான்ட்ராக்டர் அங்கேயே குழி தோண்டிவிட்டாராம். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டியவர் வந்து பார்த்து, பில்லில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியது போனபின், அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவிக் கழுவி ஊற்றிவிட்டுப் பிறகு பிடித்தேன். மல்லிகா ஐஸ் பெட்டியில் அடுக்கினாள். கூட்டம் சேர்ந்துவிட்டது.

"மைன்ஸாலதான இதெல்லாம்?" என்றார் ஒருவர்.

"இல்லீங்க. இந்த உப்பு நிலக்கரியில இருந்து வர்றதில்ல. அந்தக் குழியில இருந்து வருது."

தன் கம்பெனி மேல் பழி இல்லை என்றதும் ராமலிங்கத்தின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "அண்ணே, இந்தப் பட்டை சொல்றது இந்த ஒரு விஷயத்தை மட்டும்தான். ஃப்ளோரைடு, உலோகம், மத்ததெல்லாம் தனித்தனியா பாக்கணும். இந்தத் தண்ணியில அதையெல்லாம் யாரும் பாத்ததில்ல. பாக்காம நல்லதுன்னும் சொல்லமுடியாது, கெட்டதுன்னும் சொல்லமுடியாது" என்றேன். அவர் தலையாட்டினார்.

"நாங்க எல்லாரும் இதைத்தான குடிக்கிறோம், எங்களுக்கு ஒண்ணும் ஆவலயே" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். விளக்கினேன். பாதிப்பேர் நம்பினார்கள்.

பட்டை சொன்னால் ஆபீசில் எடுபடாது, லேப் ரிப்போர்ட் வேண்டும். பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஒரு தனியார் லேபுக்குப் போனோம். ஏசி அறை, கண்ணாடிக் கதவு, மேஜையில் பிளாஸ்டிக் பூ. கவுண்டரில் இருந்த இளைஞர் பாட்டிலில் இருந்த ஊர்ப்பெயரைப் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "மேடம், ரிப்போர்ட் எப்படி வேணும்? குடிக்கலாம்னு வேணுமா, போர் போட்டவன் மேல கேஸ் போடற மாதிரி வேணுமா?"

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "உள்ளது உள்ளபடி வேணும்" என்றேன்.

"அப்படின்னா டெஸ்ட் பண்ணணுமே. நாளைக்கு ஆயிடும்" என்றார், அது ஏதோ நான் கேட்ட கூடுதல் வசதி என்பதுபோல. மல்லிகா என் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் அந்தப் பிளாஸ்டிக் பூ அன்றைக்கு மேஜையில் இருந்திருக்காது. பாட்டில்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஆத்திரத்தில் வழியில் ஒரு கடையில் உட்கார்ந்து ஆளுக்கு மூன்று மெதுவடை தின்றோம். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும். மல்லிகாவுக்குத் தெரிந்த கல்லூரிப் பேராசிரியை ஒருவர் தன் வேதியியல் கூடத்தில் அன்றைக்கே உட்கார்ந்து சோதித்துக் கொடுத்தார். குடிநீரில் எவ்வளவு வரை இருக்கலாம் என்று அரசாங்கம் சொல்கிறதோ, அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. அது காய்ச்சாத தண்ணீரில்.

நான்காம் நாள் ஆபீசுக்குப் போனோம். எந்த ஆபீஸ் என்பது இருக்கட்டும். ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்த அதிகாரி ரிப்போர்ட்டைப் படித்தார்.

"போன வருஷம்தானே டெஸ்ட் எடுத்தோம். நல்லாருக்குன்னு வந்துதே."

கூட வந்திருந்த டேங்க் ஆபரேட்டரைப் பார்த்தேன். அவர் நெளிந்தார். "மழை நேரங்க. தோப்புக்குள்ள ஜீப்பு போகல. ரோட்டோரம் இருக்கிற பைப்புலயே புடிச்சிகினு போயிட்டாங்க. அது வேற தண்ணிங்க, ஆத்துத் திட்டத்துத் தண்ணி."

அதிகாரிக்கு முகம் மாறவில்லை. அவரைப் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர் பின்னால் காத்திருந்தார்கள். ரிப்போர்ட்டை மடித்து என்னிடமே நீட்டிவிட்டுச் சொன்னார்: "சரிம்மா. கொதிக்க வெச்சு ஆறவெச்சுக் குடிக்கச் சொல்லுங்க."

நான் வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் எவ்வளவோ மடத்தனங்களைக் கேட்டிருக்கிறேன். இது மடத்தனம் அல்ல. இதுவரை கேட்ட எவருக்கும் இந்த ஒரு பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். காலரா வந்தாலும் இதே பதில், உப்பு வந்தாலும் இதே பதில். ஒரு குழந்தையைச் சாவின் வாசல்வரை கொண்டுபோன அதே வார்த்தையை, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பச் சொல்கிறார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது முழுக்க நினைவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க லீவு முடிஞ்சு போயிடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும்" என்றார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

காரியம் நடந்தது என் கத்தலால் அல்ல. அந்தச் சின்ன டாக்டர் தன் ஆஸ்பத்திரி வழியாகச் சுகாதாரத் துறைக்கு எழுதிவிட்டிருந்தார், தண்ணீரால் வந்தது என்று தெளிவாக. ஐந்தாம் நாள் காலையில் ஊருக்குள் தண்ணீர் லாரி வந்தது. மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போட்டார்கள். போரை மூடி, ரோட்டுக் குழாயிலிருந்து லைன் இழுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இழுப்பார்களா என்று தெரியாது. கோகிலா குழந்தையோடு வீடு திரும்பியிருந்தாள். நான் விடைபெறப் போனபோது குழந்தை என் விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. உதடு ரோஜா நிறம். குமார் ஒரு முழுப் பலாப்பழத்தைச் சாக்கில் கட்டிவைத்திருந்தார். பஸ்ஸில் இதை எப்படிச் சுமப்பேன் என்று நான் மறுக்க, அவர் காதிலேயே வாங்கவில்லை.

நாங்கள் புறப்படும்போது தெருவில் ஒரு பெண் நின்றிருந்தாள். அமுதா என்று கோகிலா சொன்னாள், இரண்டு வீடு தள்ளி. லாரித் தண்ணீர் பிடிக்க வந்தவள், குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றாள். நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, எனக்கும் போன வருஷம் ஒரு புள்ள. பையன். அவனுக்கும் இப்படித்தான் ஒதடு கருத்துது. இதயம்னாங்க. எக்கோ எடுக்கக் கூட்டிகினு போறதுக்குள்ள போயிட்டான்."

"அவனுக்கும் புட்டிப்பால்தான். நானும் காய்ச்சிதான் குடுத்தேன். அவனுக்கும் இதானாக்கா?"

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அது அவளுக்கு உதவாது. "தெரியாதும்மா" என்றேன். "அப்ப யாரும் ரத்தத்தைப் பாக்கல, தண்ணியையும் பாக்கல. இப்ப யாராலயும் சொல்லமுடியாது."

"பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருந்தா ஊசி போட்டிருப்பாங்க."

"ஆமா."

அவள் அழவில்லை. லாரிக்காரர் ஹாரன் அடித்தார், வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. "சரிங்க" என்றாள். குடத்தை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தன் இடம் போய்விடாமல் இருக்க வரிசைக்கு ஓடினாள்.